அம்மன் கழுத்திலிருந்து போன கப்பம்

ஐசலின் என்ற அமெரிக்க ஊரில், ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு நகைக்கடை. மகளின் அரங்கேற்றத்துக்காக என் தங்கை வசந்தி ஒரு கெம்புக்கல் அட்டிகையைக் கழுத்தில் வைத்துப் பார்க்கிறாள். மதுரையிலிருந்து வந்த விருந்தாளி நான். எனக்கு அந்தக் கற்களின் மங்கல் பிடிக்கவில்லை, கடைக்காரரின் சிரிப்பு அதைவிடப் பிடிக்கவில்லை.

"ப்யூர் கோல்டு மேடம், ஆன்டிக் பீஸ். ஒரு கோயில்ல அம்மன் கழுத்துல இருந்தது" என்கிறார்.

"அம்மன் நகை எப்படி வெளியே வந்துச்சு?" என்று கேட்கிறேன்.

"அந்த ஊரு ராஜா பேரரசருக்கு வருஷா வருஷம் கப்பம் கட்டணும் சார். மொதல்ல வரியை ஏத்திப் பார்த்தாரு. ஜனங்க மாட்டை ஓட்டிக்கிட்டு பக்கத்து நாட்டுக்கே போயிட்டாங்க. வேற வழியில்லாம அம்மன் நகையெல்லாம் கழட்டி, உருக்கி, கட்டியா அனுப்பிட்டாரு."

"அம்மன் வெறுங்கழுத்தோட நின்னா ஜனங்க சும்மா விடுவாங்களா?"

"அங்கதான் சார் ராஜாவோட மூளை! அதே டிசைனைச் செம்புல செஞ்சு, தங்க முலாம் பூசி, அம்மனுக்குப் போட்டுவிட்டாரு. பூசாரியைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

வசந்தி அட்டிகையை மெதுவாகக் கண்ணாடி மேசைமேல் வைக்கிறாள். கிரெடிட் கார்டு கைப்பைக்குள் திரும்பிப் போகிறது.

"தங்கத்தைத்தான் உருக்கி அனுப்பிட்டாரே, அப்போ இது எது?" என்கிறாள்.

கடைக்காரர் அட்டிகையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், கால்குலேட்டரை எடுக்கிறார்.

"உங்களுக்காகப் பாதி விலைக்குத் தரேன் மேடம்."

கதை மட்டும் உண்மை போலிருக்கிறது.