மெட்டல் கச்சேரியில் ஒரு குடம் தண்ணீர்

கொல்லிமலையில் என் கல்லூரி நண்பர்கள் மெட்டல் என்னும் அதிரடி ராக் இசை விழா நடத்தியபோது நானும் அப்பாவும் போயிருந்தோம். மிளகு காயவைக்க வேண்டியிருந்ததால் அம்மா வரவில்லை. வீட்டில் முதலில் படித்தவன் என்ற பெருமையோடு அப்பாவை முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

மூன்றாவதாக, நான் கேள்விப்பட்டே இராத ஒரு குழு வந்தது. பாடகர் முடியை விரித்துத் தலையைச் சுழற்றி உறுமினார்.

"கண்ணு, அந்தப் பையனுக்கு சாமி வந்துருச்சு! தண்ணி ஊத்தாம வேடிக்கை பாக்கறீங்களே!" என்று அப்பா பதறி எழுந்தார்.

சாமியாடுபவர் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது எங்கள் ஊர் வழக்கம்.

"அது பாட்டுங்கப்பா" என்று நான் சொல்வதற்குள், குடிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கிப்போய் ஊற்றிவிட்டார். ஆம்பிளிஃபயர் புகைந்து அடங்கியது. நல்லவேளை, யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை.

சத்தம் நின்றதும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தியா, சாமி மலையேறிருச்சு."

இப்போதெல்லாம் எந்தப் புதுக் குழுவானாலும் முதலில் அப்பாவுக்குக் கேசட்டில் போட்டுக்காட்டுகிறேன். ஆம்பிளிஃபயர் ரிப்பேருக்கு நாங்கள் கொடுத்தது ஆயிரத்து நூறு ரூபாய்.