ஒரு வயலின், ஒரு நாற்காலி

மலாயா, 1953 மார்ச் 14, சனிக்கிழமை. விடியும் முன்பே தோட்டத்து ஆட்களைக் கூட்டும் பெரட்டு மணி அடித்தது. எஸ்டேட் ஆபீஸ் கிராணியான அப்பா ஆள் கணக்கு எடுக்கக் கிளம்பினார். நான் தண்ணீர் பிடித்து, கோப்பி கலக்கி, தங்கைக்குத் தலை பின்னினேன். பிறகு வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். வீட்டில் அந்த ஒன்றுதான். ஆறு வருடமாக நான் வாசித்தது. தங்கைக்குச் சில மாதங்களாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

பக்கத்து டவுனான ரந்தாவில் ஒரு வெள்ளைக்கார டீச்சர் இளம் பிள்ளைகளைச் சேர்த்து ஆர்கெஸ்ட்ரா பழக்கினார். வயலின் வரிசையில் ஒரு நாற்காலி காலி. அது எனக்குத்தான் என்றிருந்தேன். தங்கை வேடிக்கை பார்க்க வந்தாள்.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு, அந்தக் காட்டுக்காரர்களுக்கு, அரிசி போய்விடக் கூடாதென்று எஸ்டேட் முள்வேலிக் கேட்டில் சோதனை. காவல்காரர் பெட்டியைத் திறக்கச் சொல்லி, வயலினைத் தட்டிப் பார்த்தார்.

"ரெண்டு படி அரிசி புடிக்கும் போலருக்கே?"

"அந்த ஓட்ட வழியா உள்ள பாருங்கண்ணே," என்றாள் தங்கை.

அவர் சிரித்துவிட்டார். அவளிடம் எல்லோரும் சிரிப்பார்கள்.

டீச்சர் பியானோவில் சில ஸ்வரங்களைத் தட்டி, அப்படியே வாசிக்கச் சொன்னார். நான் பழக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் காலில் சாய்த்தேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாற்காலிக்கு மாறினேன். ஆனால் தொட்ட ஸ்வரமெல்லாம் என் விரலில் அசைந்தது. "லுருஸ், லுருஸ்," என்றார் டீச்சர் மலாயில். நேராக வாசிக்க வேண்டுமாம். இருபது பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒருத்தியின் ஸ்வரம் ஆடக் கூடாது.

பிறகு தங்கையைக் கூப்பிட்டார். ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தை நான் அவளுக்கு இன்னும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நூல் பிடித்தாற்போல் வாசித்தாள். டீச்சர் கைதட்டி, நாற்காலியை அவளுக்கே கொடுத்தார். தந்திகளையும் ஆர்கெஸ்ட்ரா சுருதிக்கு மாற்றிவிட்டார்.

திரும்பும்போது லாரியில் அவள் என் தோளை இடித்தாள். "ஏன்க்கா உம்முனு வர்ற? நீயும் வாயேன்லா."

"எத வச்சு வாசிக்க? ஒன் மண்டையயா?"

இராத்திரி சாப்பாட்டில் அப்பா தீர்ப்புச் சொன்னார். "சின்னவ பழகட்டும். இனிமே யாரும் அந்தத் தந்தி முடுக்காணிய திருகக் கூடாது."

யாரும் என்றால் வீட்டில் வேறு யார்? தங்கை தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் அடங்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை முகம்கூடக் கழுவவில்லை. அவள் எழுமுன் பெட்டியைத் திறந்து, நான்கு தந்திகளையும் என் சுருதிக்குத் திருப்பினேன்.