அரைப் பேர்

கடலையே பார்க்காத பிள்ளைகளுக்குப் பூமி உருண்டை என்று நிரூபிக்கிற வேலை எனக்கு. இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். தூரப் போகிற கப்பலின் அடிப்பாகம் முதலில் மறையும், உச்சி கடைசியில்தான் மறையும் என்று கரும்பலகையில் படம் போடுவேன்.

அதே படத்தை ஒருநாள் என் தம்பி மனைவிக்கும் போட்டுக் காட்டினேன். தம்பி தெற்குக் கரையில் மீன்பிடிப் படகேறி வெளிநாட்டுக்குப் புறப்பட்டு இரண்டு மாதமாகச் செய்தி இல்லை. படகு முங்கிவிட்டதென்று தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகள் முழுக்கப் பேச்சு.

"கண்ணுக்கு மறைஞ்சா முங்கினதா அர்த்தம் இல்ல. கடல் வளைஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்றேன். வாய்க்கு வந்த ஆறுதல். அதைப் பிடித்துக்கொண்டு எட்டு வருஷம் பொட்டு வைத்துக் கொழுந்து பறித்தாள்.

இந்த வருஷம் லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு கொடுக்கிறார்கள். வந்தது தம்பி பெயரில். அவன் இறந்ததாகப் பதிந்தால்தான் அது அவளுக்கு மாறும். படிவத்தை நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"மேல ஏறினா தூரம் தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க மாமா. ஒருக்கா காட்டுங்க. அப்புறம் கையெழுத்து வைக்கிறேன்."

சொன்னதுதான். கரையில் நின்றால் ஐந்து கிலோமீற்றர்தான் தெரியும். எங்கள் மலையில் உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பில் நின்றால் நூற்றைம்பதைத் தாண்டும். நுணலும் தன் வாயால் கெடும். பள்ளிக்கூடத்துப் பைனாகுலரை எடுத்துக்கொண்டு, பனி ஏறுமுன் அங்கே போய்ச் சேர்ந்தோம். வெறும் கடலைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது என் திட்டம். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

தெற்கே நெடுநேரம் பார்த்தாள்.

"மாமா, ஒண்ணு நிக்குது."

வாங்கிப் பார்த்தேன். கரையோரம் வெள்ளையாக ஏதோ ஒன்று. மேல்பாதி தெளிவாக இருந்தது. கீழ்ப்பாதி இருக்க வேண்டிய இடத்தில் காற்று நடுங்கியது. என் கணக்குப்படி அந்தத் தூரத்தில் வளைவு எதையும் மறைக்கக் கூடாது. முழுசாகத் தெரிய வேண்டும். கானல் என்றேன், வெயில் புகை என்றேன். துறைமுகத்துக் கிரேனாக இருக்கும், தம்பியின் படகு இங்கிருந்து புள்ளியாகக்கூடத் தெரியாது என்றேன். சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

"பாதிதான் வந்திருக்காரு" என்றாள்.

பனி ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

லயத்துக்கு வந்ததும் படிவத்தைத் தானே கேட்டு வாங்கிக் கையெழுத்து வைத்தாள். இறந்தவர் பெயர் என்றிருந்த வெற்றுக் கட்டத்தை விரலால் தொட்டாள்.

"இதில அவரு பேரை முழுசா எழுதணுமா மாமா? கொழுந்து கொறஞ்ச அன்னிக்கு எங்களுக்கு அரைநாள் சம்பளம்னு அரைப் பேர் போடுவாங்க. வரவே இல்லன்னு கழிச்சிட மாட்டாங்க. அவருக்கும் அரைப் பேர் போட்டு வைங்க."

படிவத்தில் அதற்கு இடமில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்க, என் தம்பியின் பெயரை முழுசாக நான்தான் எழுதினேன்.

வீடு அவள் பெயருக்கு வந்துவிட்டது. வகுப்பில் கப்பல் படம் போடும்போது மட்டும் மேல்பாதியோடு என் கை நின்றுவிடுகிறது. "சேர், மிச்சம் எங்க?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.