விபூதித் தட்டில் ஒரு மாத்திரை அட்டை

என் முதல் பிள்ளை முதுகுத்தண்டு மூடாமல் பிறந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தது, போய்விட்டது. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பியபோது தீர்ப்பு தயாராக இருந்தது: நான் கிரகணத்தன்று வெளியே நடந்தேனாம். அன்று வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

டாக்டர் சொன்னது வேறு. பிள்ளை உண்டாகியிருப்பது நமக்குத் தெரியவரும் முன்பே அந்த முதுகு மூடிவிட வேண்டுமாம். அதனால் அடுத்த பிள்ளைக்கு மூன்று மாதம் முந்தியே ஃபோலிக் மாத்திரையைத் தொடங்கச் சொன்னார். முழுசாகத் தடுக்கும் என்று சத்தியம் செய்யவில்லை, ஆபத்தைக் குறைக்கும் என்றார். எனக்கு அது போதும். வெற்றிலை புகையிலையையும் அன்றே விட்டேன்.

மாத்திரையை அலுமாரியில் சேலைக்கு அடியில் வைத்ததுதான் நான் செய்த தப்பு. மாமியார் கண்டுபிடித்துவிட்டார். வயிற்றில் பிள்ளை இல்லாதவள் ஒளித்து வைத்து மாத்திரை போட்டால் எங்கள் லயத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“புள்ள நிக்கக்கூடாதுன்னு முழுங்கிறியா?” என்று கத்தி, மாத்திரை அட்டையை வாசல் சாக்கடைக் கானில் ஓடும் தண்ணீரில் வீசினார்.

“புள்ள நல்லா பொறக்கணும்னுதான் மாமி போடுறேன்.”

“நாங்கெல்லாம் மாத்திர போட்டா பெத்தோம்?”

ஆறு பெற்றவர். அதில் இரண்டை மண்ணில் வைத்தவர். அது நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

மறுநாளே மிட்வைஃப் அம்மாவிடம் போய் இன்னொரு அட்டை வாங்கினேன். இந்த முறை ஒளிக்கவில்லை. சாமிப் படத்துக்கு முன்னால் விபூதித் தட்டிலேயே வைத்தேன். அங்கிருந்து எடுத்து வீச மாமியாருக்குக் கை வராது. தினமும் கொழுந்து பறிக்கப் போகுமுன், எல்லோரும் பார்க்க ஒன்றை விழுங்கினேன். பக்கத்து வீட்டுக்காரிகள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று வாயைத் திறந்தும் காட்டினேன்.

நாலு மாதம் கழித்து நாள் தள்ளியது. மாத்திரையை விடவில்லை. கிளினிக்குக்கு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

பிள்ளை பிறந்ததும் நர்ஸ் முகத்தைக் காட்டினார். “திருப்பிக் காட்டுங்க” என்றேன். கழுத்திலிருந்து இடுப்புவரை விரலால் தடவினேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

பார்வையாளர் நேரத்தில் மாமியார் வந்து கட்டிலருகே நின்றார்.

“என்னா புள்ள?”

“முதுகு மூடின புள்ள, மாமி.”

அவர் பிள்ளையை வாங்கி, துணியை விலக்கி, முதுகைத்தான் முதலில் பார்த்தார்.