பெற்றிசியா பார்க்கப் போன இரண்டு ஆஸ்பத்திரிகள்

தலைமன்னார்த் துறையடியில் பெற்றிசியாவின் தகப்பன் சிங்கராசா சங்கு குளித்துப் பிழைத்தவர். ஒருநாள் ஆழத்திலிருந்து கெதியாக மேலே வந்தவருக்கு, இரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்து, இரண்டு காலும் உணர்விழந்தன. வள்ளத்தில் நின்றவர்கள் எங்கள் கரையில் வழமையாகச் செய்வதைச் செய்தார்கள். முதுகில் வேறொரு காற்றுச் சிலிண்டரைக் கட்டி, கயிற்றில் பிடித்து, அவரைத் திரும்பவும் கடலுக்குள் இறக்கினார்கள். ஆழத்துக்குப் போனால் கால் திரும்பி வரும் என்பது நம்பிக்கை. சிலருக்கு வரும். சிங்கராசாவுக்கு வரவில்லை, நேரம்தான் போனது. ஆஸ்பத்திரியில் கேட்டபோதும், அனுமதியில்லாமல் குளித்த பயத்தில், வள்ளத்துக்குள் வழுக்கி விழுந்தார் என்று சொல்லிவிட்டார்கள்.

பெற்றிசியா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. நான் பக்கத்து வளவில் இருந்தேன், நேர்ஸ் வேலை. அவரைப் புரட்டிப் படுக்க வைக்கவும் சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைத்திருக்கவும் தாயையும் மகளையும் பழக்கினேன். அவர் சாகும் வரைக்கும் முதுகில் ஒரு புண் வரவில்லை.

அந்தப் பிள்ளை படித்து டொக்டரானாள். பெருநிலக் கரையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அவளை அனுப்பினார்கள். பிரிவு என்று பெயர்தான். இரண்டு கட்டில், ஒரு நேர்ஸ், அவள். மார்பு வலி, பாம்புக்கடி, மோட்டார் சைக்கிள் விபத்து எல்லாம் அவளிடம்தான் வந்தன. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழியில் அம்புலன்ஸிலேயே பலர் செத்துப்போனார்கள். தன்னைவிடத் தெரிந்த ஒரு டொக்டர் இருந்திருந்தால் அந்த ஆள் பிழைத்திருப்பாரா என்று ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்பாள். எனக்குத் தெரியாது என்பேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிப் பழக்கமில்லை.

அவசர சிகிச்சையில் விசேட பயிற்சி எடுப்பது ஒன்றே வழி என்று முடிவெடுத்தாள். தெரிவுப் பரீட்சையில் இருமுறை தவறி, அனுமதித்த கடைசித் தடவையில் பாஸ் பண்ணினாள். புள்ளி குறைவு. அவளுக்கு எட்டக்கூடியதாக இரண்டு ஆஸ்பத்திரிகள் மிஞ்சின. திங்கட்கிழமைக்குள் விருப்பத்தைச் சொல்ல வேண்டும். பயிற்சியை இடையில் விட்டால் திரும்பச் சேர முடியாது. அவளுக்கு முன் போன ஒருத்தி பாதியில் விட்டுவிட்டு வந்து இப்போது மருந்துக் கொம்பனியில் வேலை செய்கிறாள்.

"அன்ரி, என்னோட வாங்கோ" என்றாள். "நான் டொக்டர்மாரோட கதைக்கிறன். நீங்கள் நேர்ஸ்மாரோட கதையுங்கோ. அவை உங்களுக்குப் பொய் சொல்லாயினம்."

"சம்பளம் என்ன?"

"மத்தியானச் சோறு."

"மீன் பொரியல் இருந்தால் வாறன்."

அவள் சிரித்தாள். முகம் வெளிறிப்போய் இருந்தது. நித்திரை கொண்டு பல நாளாகியிருக்கும்.

முதல் ஆஸ்பத்திரி எனக்குப் பிடித்துக்கொண்டது. மருந்து ட்ரொலியில் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. படுக்கை விரிப்பில் சுருக்கமில்லை. புதிய இயந்திரங்கள். நேர்ஸ்மாரும் குறை சொல்லவில்லை. விசேட நிபுணர் எங்களைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, திரையில் படம் போட்டு விளக்கினார்.

அவர் வெளியே போனதும் பெற்றிசியா அங்கே பயிலும் இளம் டொக்டர்களைக் கேட்டாள்: "ஒண்டும் விளங்காத நோயாளி வந்தால் ஆரைக் கூப்பிடுவீங்கள்?"

இருவரும் நிபுணரின் அறைக் கதவைத்தான் பார்த்தார்கள்.

"விளங்காமல் ஆரும் வாறேல்லை, டொக்டர்" என்று ஒருவன் சிரித்தான். "வந்தாலும் விளங்கினமாதிரி நிக்கப் பழகியிட்டம்."

மற்றவள் அவன் கையில் தட்டினாள். சிரிப்பு நின்றது.

பஸ்ஸில் நான், "இதுதான் இடம், எழுதிக் குடு" என்றேன். "மற்றதையும் பாப்பம்" என்றாள் அவள்.

மறுநாள் காலை இரண்டாவது ஆஸ்பத்திரி. வாசலிலேயே சனம். ஒட்சிசன் சிலிண்டரைப் பண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். ஒரு ட்ரொலியின் சில்லு கீச்சிட்டது. கதிரையும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை. தில்லைநாதன் என்ற பயிற்சி டொக்டர், "குறை நினைக்காதேங்கோ, அந்தச் சுவரோட நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அப்போதுதான் மன்னாரிலிருந்து அம்புலன்ஸ் வந்தது. டொமினிக் என்ற இளந்தாரி. கால் இரண்டும் அசையவில்லை. அவனோடு வள்ளத்தில் போன அபூசாலி நனைந்த சாரத்தோடு கூட வந்திருந்தார்.

"வள்ளத்துக்குள்ள வழுக்கி விழுந்திட்டான், ஐயா" என்றார் அபூசாலி.

தில்லைநாதன் நம்பினார். கழுத்துக்குப் பட்டி போட்டு, முள்ளந்தண்டு முறிவு என்று எழுதி, ஸ்கேன் அறை வரிசையில் விடச் சொன்னார். விழுந்த ஆளுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் முறையாகத்தான் செய்தார்.

பெற்றிசியா சுவரோடு நின்றாள். டொமினிக்கின் வயிற்றுத் தோலில் சலவைக்கல்லில் ஓடும் கோடுபோல நீலமும் சிவப்புமாகப் படர்ந்திருந்தது. ஆழத்திலிருந்து கெதியாக வந்தவர்களின் தோலில் வருகிற அடையாளம் அது. அவள் அதைக் கண்டாள், கண்டும் பேசவில்லை. வேறொருவருடைய வாட்டு, பார்க்க வந்தவள் வாய் திறக்கலாமா என்ற யோசனை. ட்ரொலி வெளியே உருளத் தொடங்கிய பிறகுதான் ஓடிப்போய்க் கைபிடியைப் பற்றினாள்.

"அண்ணை, இவர் எத்தினை பாகம் ஆழம் இறங்கினவர்?"

"எங்க இறங்கிற? விழுந்தவன் எண்டு சொல்றனல்லோ."

"என்ர அப்பாவும் வழுக்கி விழுந்தவர் எண்டுதான் சொன்னவை. துறையடிச் சிங்கராசா. பிறகு அவர் எழும்பேல்லை."

அபூசாலி அவளை உற்றுப் பார்த்தார்.

"சிங்கராசாட மகளா நீ? தங்கச்சி, கடலட்டைக்குப் போனம். பதினைஞ்சு பாகம் இருக்கும். மேல வந்து காலைக் காணேல்லை எண்டான். திரும்ப இறக்கினம். சிலிண்டர் முடியுமட்டும் வச்சிருந்தம். நேவிக்காரன் அறிஞ்சால் வள்ளத்தைப் பறிச்சிடுவான், அதுதான் சொல்லேல்லை."

தில்லைநாதன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். சீறிவிழுவார், பெற்றிசியாவை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் அந்த நெரிசலுக்கு நடுவிலேயே தொலைபேசியை எடுத்தார்.

"மேடம், நான் பிழையாய்ப் பாத்திட்டன். விழுந்த கேஸ் இல்லை, ஆழம் குளிச்ச ஆள். நேரத்தையும் விட்டிட்டன். கெதியா வாங்கோ."

விசேட நிபுணர் சிவலட்சுமி வாட்டிலிருந்து வேகமாக வந்தார். யார் பிழைவிட்டது என்று அவர் கேட்கவேயில்லை.

"இப்ப என்ன குடுக்கிறியள்?"

"ஒண்டுமில்லை, மேடம்."

"முழு ஒட்சிசன். சேலைன். நிமித்தாதேங்கோ, மட்டமாக் கிடத்துங்கோ." பிறகு பெற்றிசியாவின் பக்கம் திரும்பினார். "நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ, டொக்டர். ஒண்டையும் விடாதேங்கோ."

டொமினிக்கை உள்ளே கிடத்தி, ஆழக் கடலில் இருப்பதுபோலக் காற்றழுத்தம் கொடுக்கும் அறை கடற்படையிடம்தான் இருந்தது. சிவலட்சுமி அவர்களோடு பேசி அம்புலன்ஸை ஒழுங்குசெய்தார். அபூசாலி தலையில் கைவைத்தார்.

"அல்லாஹ்வே! ஆருக்கு ஒளிச்சமோ, அவன்ர கையிலேயே கொண்டுபோய்க் குடுக்கிறம்."

"வள்ளம் போனாப் போகட்டும், ஏறுங்கோ" என்று அவரைத் தள்ளி ஏற்றினேன். அம்புலன்ஸ் போனதும் பெற்றிசியா படிக்கட்டில் இருந்துவிட்டாள்.

"கண்டவுடன சொல்லியிருக்கலாம், அன்ரி."

"சொல்லியிருக்கலாம். இப்ப தண்ணியைக் குடி."

திரும்பும் வழி முழுவதும் பஸ்ஸில் நான் முதல் ஆஸ்பத்திரிக்காக வாதாடினேன். "இங்க சிலிண்டரைத் துணியால கட்டி வச்சிருக்கினம். அந்தப் பெடியன் ஒரு மனிசனைப் பிழையாய்ப் பாத்தவன். உனக்குக் கண் இல்லையோ?"

"பாத்தவன். பாத்திட்டு எல்லாருக்கும் முன்னால சொன்னவன். மற்ற இடத்தில நான் பிழைவிட்டால் ஒளிக்கப் பழகியிடுவன். அபூசாலி அண்ணைக்கும் எனக்கும் பிறகென்ன வித்தியாசம்?"

"அப்ப ரெண்டையும் எழுது. இது கிடைக்காட்டி அதெண்டாலும் கிடைக்கும்."

"இல்லை. ஒண்டுதான்."

அது மடத்தனம் என்று அவளிடமே சொன்னேன், இப்போதும் அதையே சொல்வேன். அவள் ஒன்றைத்தான் எழுதினாள். முடிவு வரும் வரை வீட்டில் சோறு இறங்கவில்லை. தாய் அருள்நாயகி கோயிலே கதியென்று கிடந்தாள். இதற்கிடையில் டொமினிக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு காலில் கொஞ்சம் உணர்வு வந்திருந்தது, எழுந்து நிற்கும் அளவுக்கு இல்லை. அவனுடைய ஊரான ஓலைத்தொடுவாய்க்குப் போய் மனைவிக்குப் புரட்டிப் படுக்க வைக்கக் காட்டிக் கொடுத்தேன். பெற்றிசியாவும் வந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் காலைத் தூக்கிப் பிடித்தாள்.

இடம் கிடைத்தது. வேறு எவரும் அந்த ஆஸ்பத்திரியைக் கேட்கவில்லையாம்.

சேர்ந்து சில மாதத்தில், ஒரு விடியற்காலை, நான் அடுப்பு மூட்டும் நேரம் தொலைபேசி எடுத்தாள்.

"அன்ரி, ஒரு அம்மா செத்திட்டா. வயித்து வலி எண்டு வந்தவ. இருதயம் எண்டு நான் யோசிக்கேல்லை. என்ர உடுப்புப் பெட்டியைக் கட்டிட்டன். வீட்ட வாறன்."

"மேடத்துக்குத் தெரியுமோ?"

"நான்தான் சொன்னனான். அந்த அம்மாட மகனுக்கும் நானே சொன்னனான். அவன் அடிக்க வந்தவன்."

"மேடம் என்ன சொன்னவ?"

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அழுது முடிச்சிட்டு எட்டு மணிக்கு வாட்டுக்கு வா, இந்த கேஸை நீதான் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கவேணும் எண்டவ."

"அப்ப பெட்டியை அவிட்டு வெள்ளைக் கோட்டை எடு. கசங்கியிருந்தால் அயன் பண்ணு."

"ஏலாது அன்ரி."

"ஏலாதெண்டு சொல்லிக்கொண்டுதான் எல்லாரும் வேலைக்குப் போறது. தேத்தண்ணி குடிச்சனியோ?"

"இல்லை."

"குடிச்சிட்டுப் போ."

தொலைபேசியை வைத்துவிட்டாள். அன்று பகல் முழுவதும் பஸ் வரும் நேரமெல்லாம் வாசல் படலையைப் பார்த்தேன். பெற்றிசியா வரவில்லை.