அம்பாள் பெயரில் போன அசிங்கம்

காஞ்சிபுரத்தில் எங்கள் பட்டுக் கடைக்கு அம்பாள் பெயர். மெயில் முகவரியும் அவள் பெயரில்தான். அந்தப் பெயரில் சூதாட்ட விளம்பரமும், வாயால் சொல்லக் கூசும் மாத்திரை விளம்பரமும் உலகமெல்லாம் போய்க்கொண்டிருந்தது தெரிந்த அன்று வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

மலேசியாவில் ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்கு அம்மன் புடவை எங்களிடம் சொல்லியிருந்தார்கள். அழைப்புப் பத்திரிகையில் கடைப் பெயரும் போடுவதாகப் பேச்சு. சாயம் போட்ட பட்டின் படத்தை மெயிலில் பார்த்து கமிட்டி சரி என்றால்தான் தறியில் ஏற்றலாம். அனுப்பிய மெயிலெல்லாம் திரும்பி வந்தது. கமிட்டி காரியதரிசி போன் செய்தார்.

"உங்க சர்வர்லேருந்து கண்ட விளம்பரமும் வருதுன்னு தடுத்து வெச்சிருக்காங்க ஐயா. வேற கடை பாக்கலாம்ங்கறாங்க."

கடையின் மெயில் சர்வரை அமைத்துக் கொடுத்தவன் என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி. வரச்சொன்னேன். கடைக் கம்ப்யூட்டரிலிருந்து தனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே போவுது மாமா?" என்றான்.

"உள்ள உக்காந்துக்கினு பாத்தா எப்பிடிடா தெரியும்? கெடுக்கறவன் வெளியில இருக்கறான். தெருவுல போய்ப் பாரு."

முணுமுணுத்துக்கொண்டே போனான். கடை வைஃபையை விட்டு, தன் போனிலிருந்து, ஏதோ பொய்ப் பெயரில், பாஸ்வேர்ட் இல்லாமல், எங்கள் சர்வர் வழியாக அக்காவுக்கு ஒரு மெயில் விட்டான். கடைக்குள்ளே இருந்த என் வீட்டுக்காரியின் போன் சிணுங்கியது. அவன் முகம் செத்துப்போனது. யார், எவர் என்று கேட்காமல் வந்ததையெல்லாம் வாங்கி அனுப்பியிருக்கிறது சர்வர். அதற்கு ஓப்பன் ரிலே என்று பெயராம்.

"டிசைன் அனுப்பற ஸ்கேனரு பாஸ்வேர்ட எடுக்கவே இல்ல மாமா. அதான் அப்போதைக்கு எல்லாருக்கும் தொறந்து வுட்டேன்."

"ஒரு ஸ்கேனருக்காக ஊருக்கே தொறந்தியா? உன் பீரோவ அப்பிடி வெப்பியா?"

"கத்தாதீங்க மாமா. மெயிலுக்குப் புதுப் பேரு ஒண்ணு வாங்கிடலாம். உடனே சுத்தமாயிடும்."

"அவ பேர எதுக்குடா மாத்தணும்? தப்பு பண்ணவன் நீ. உன் பேர மாத்திக்கோ!"

கடைக்குள் இருக்கும் மெஷின்களுக்கு மட்டும் வழி விட்டு, மற்றவர்களுக்குப் பாஸ்வேர்ட் வைத்தான். மறுபடி தெருவிலிருந்து அனுப்பினான். சர்வர் முடியாது என்றது. சர்வரில் தேங்கி நின்ற விளம்பரக் குப்பையை அழித்தான். தடைப் பட்டியலிலிருந்து எங்களை எடுக்கச் சொல்லி எழுதினான். முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். காபிக்குக்கூட விடவில்லை.

தடை நீங்கியதும் படத்தை அனுப்பினோம். பதில் வந்தது. கலர் பிடித்திருக்கிறது, நெய்யலாம். பத்திரிகையில் மட்டும் கடைப் பெயர் வேண்டாமாம், அந்த விளம்பரங்களைப் பற்றி ஜனங்கள் கேள்வி கேட்பார்களாம்.

ஓரிக்கையில் இருக்கும் தறிக்காரருக்குப் போன் செய்து தறியில் பாவு நூல் ஏற்றச் சொன்னேன்.

"ஆர்டரு கெடச்சிடுச்சில்ல மாமா, பத்திரிகைல பேரு போனா வுடுங்க" என்றான் மச்சான்.

எழுந்து வீட்டுக்குப் போ என்றேன்.