கரிக்கோடு அழிந்த முட்டை

முட்டை விற்க லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று சேலம் மார்க்கெட்டில் தண்டோரா போட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். கோழி என்ன லைசென்ஸ் வாங்கிக்கொண்டா முட்டை போடுகிறது என்று கேட்டேன். அந்தச் சிரிப்பெல்லாம் முதல் சோதனை வரைக்கும்தான்.

அது வெள்ளைக்காரன் ஜெர்மனியோடு சண்டை போட்ட காலம். எங்கள் ஊர் வெண்ணந்தூருக்குப் பக்கம். மழை இல்லாமல் காடு காய்ந்து கிடந்தது. என் வீட்டுக்காரருக்குக் கூலி வேலையும் கிடைக்கவில்லை. நான் நாலு வீட்டு முட்டைகளைச் சேர்த்து, பெட்ரோல் பஞ்சத்தால் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோய் விற்றதால்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. லைசென்ஸுக்கு அடையாளமாக முனிசிபாலிடி கொடுத்த பித்தளை வில்லை கூடையில் தொங்க வேண்டும். வில்லை போனால் மார்க்கெட் வாசலை மிதிக்க முடியாது.

முட்டையில் எச்சமோ மண்ணோ ஒட்டியிருக்கக் கூடாது, கழுவித்தான் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். கெட்ட முட்டை அகப்பட்டால் கூடையோடு சாக்கடையில் கொட்டி, மேலே பினாயிலை ஊற்றி, வில்லையைப் பிடுங்கிக்கொள்வார்கள். எங்கள் வரிசையில் இருந்த ஒரு கிழவருக்கு அப்படி நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த மனிதர் சாக்கடை ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உடையாமல் தப்பிய ஒன்றிரண்டை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவரை மார்க்கெட்டில் பார்க்கவில்லை. பினாயில் வாடை அடித்தாலே எனக்கு ஈரக்குலை நடுங்க ஆரம்பித்தது.

சோதிக்க வரும் இன்ஸ்பெக்டருக்கு முட்டை வாடையே ஆகாது. முட்டையைக் கையால் தொடாத மனிதரை முட்டை சோதிக்க அனுப்பிய புண்ணியவான் யாரோ! கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூர நிற்பார். சேவகன் முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பான். மிதக்கவில்லையென்றால், இன்ஸ்பெக்டர் தன் பிரம்பால் ஒரு முட்டையைக் காட்டுவார். விற்கிறவர்கள் அதை ஓட்டை போட்டு அவர் எதிரிலேயே குடிக்க வேண்டும். முகம் சுளித்தால் கெட்ட முட்டை. உடைத்துத் தட்டில் ஊற்றினால் அவருக்குக் குமட்டுமாம்.

எனக்கோ அப்போது எதைப் பார்த்தாலும் குமட்டிய சமயம். மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன். முதல் பிள்ளை. சோறு கொதிக்கிற வாசனைக்கே கொல்லைப்பக்கம் ஓடுவேன். நல்ல முட்டையைக் குடித்தாலும் என் முகம் சுளிக்கும், வில்லை போகும். ஒவ்வொரு வாரமும் மாரியாத்தாளை வேண்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். சோதனை இல்லாமலே சில வாரம் தப்பினேன்.

என் பக்கத்தில் அஸ்தம்பட்டிக்காரி ஒருத்தி கடை போடுவாள். என்னைவிட மூத்தவள். வேப்பமர நிழல் யாருக்கு என்று எங்களுக்குள் வாராவாரம் சண்டை. நான் அசந்தால் என் கூடையை வெயிலுக்குத் தள்ளிவிடுவாள். நானும் சும்மா விடமாட்டேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பேன்.

அன்று விடியும் முன்னால் எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. "நீ படு புள்ள, நானே முட்டையெல்லாம் எடுத்துக் கழுவி வெச்சர்றேன்" என்றார் வீட்டுக்காரர். சீமெண்ணெய்க்குப் பஞ்சம், விளக்கு இல்லை. இருட்டில் தடவித் தடவி எடுத்து, கழுவி, வைக்கோல் பரப்பி, கூடையில் அடுக்கிக் கொடுத்தார். பாவம், அன்றைக்குத்தான் அந்த மனிதர் முதல் முதலாகக் கோழிக்கூட்டில் கை விட்டார்.

மார்க்கெட்டில் உட்கார்ந்து வைக்கோலை விலக்கியபோது ஒரு முட்டையில் மங்கலாகக் கறுப்புத் தீற்றல் தெரிந்தது. குஞ்சு பொரிக்க அடைக்கு வைக்கிற முட்டையில்தான் நான் கரிக்கோடு போடுவேன். அடைக்கோழியின் கீழே வேறு கோழி புதிதாக முட்டை போட்டால், கோடு இல்லாததை எடுத்துக்கொண்டு கோடு போட்டதை விட்டுவிட வேண்டும். இவர் இரண்டையும் சேர்த்து வாரி, கழுவி, கோட்டையும் அழித்துவிட்டார். அடை வைத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூடையில் அப்படி எத்தனை முட்டை இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். எல்லாம் ஒன்றுபோல வெள்ளையாக இருந்தன.

வெயிலில் பிடித்துப் பார்த்துப் பிரித்துவிடலாம் என்று ஒன்றைத் தூக்கினேன். அதற்குள் வரிசையின் அந்தக் கோடியிலிருந்து பினாயில் வாடை வந்தது.

தீற்றல் இருந்ததை மட்டும் மடியில் மறைத்தேன். "ஏம்புள்ள, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது?" என்றாள் அஸ்தம்பட்டிக்காரி. மறைக்க எனக்குத் தெம்பில்லை. "அடை முட்டை கலந்து போச்சுங்க அக்கா. எதுன்னு தெரியலைங்க" என்றேன். அவள் தன் கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். சேவகன் தண்ணீரில் போட்ட முட்டைகள் எல்லாம் ஒழுங்காக அடியில் போய் உட்கார்ந்தன. பிரம்பு ஒன்றைக் காட்டியது. "குடி."

எடுத்தேன். அப்போதே தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். சேவகன் வில்லையின் கயிற்றில் கை வைத்தான்.

"சாமி, அவ முழுகாம இருக்கறாளுங்க. பச்சத் தண்ணிகூட வயித்துல தங்கறதில்லீங்க. நான் குடிக்கறனுங்க" என்றாள் அஸ்தம்பட்டிக்காரி.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டைக்கு உள்ளிருந்தே, "யாராவது குடிங்க, சீக்கிரம்" என்றார்.

என் கையிலிருந்து முட்டையை வாங்கினாள். முட்டையின் முனையைத் தட்டி ஓட்டைப் பெரிதாகவே பெயர்த்து, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, அண்ணாந்து வாயில் கவிழ்த்தாள். ஒரு கணம் தொண்டை அசையவில்லை. அப்புறம் ஒரே மடக்கில் விழுங்கினாள். அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்ல முட்டைங்க சாமி" என்றாள். முட்டை ஓட்டை உள்ளங்கையில் வைத்து நொறுக்கி மூடிக்கொண்டாள்.

அவர்கள் அடுத்த கூடைக்குப் போனார்கள். வில்லை என் கூடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் வாசலைத் தாண்டும் வரை அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து சுவருக்குப் பின்னால் ஓடினாள். அவள் ஓங்கரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பி வந்து சொம்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தாள்.

"அக்கா" என்றேன்.

"குஞ்சுக்குக் கண்ணு ரெண்டும் முளைச்சிருந்துச்சு, புள்ள" என்றாள்.

என் கை தானாக வயிற்றுக்குப் போனது. அவள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வாரமே என் கூடையை வெயிலுக்குத் தள்ளினாள், நானும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஆனால் மிச்சமிருந்த மாதங்களை எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அடைமுட்டைகளைப் பறிகொடுத்த தாய்க்கோழி கூட்டைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது காதை விட்டுப் போகவில்லை. வில்லைக்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமா என்று ஆகிவிட்டது. கண் இல்லாத பிள்ளை பிறப்பதாகக் கனவு கண்டு விழித்துக்கொள்வேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவளிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

பிள்ளை பிறந்தது தெரிந்து அவள் பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்தாள். வாசலில் கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கவில்லை. நேராகத் தொட்டிலுக்குப் போனாள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் இமையை விரல் நுனியால் மெல்ல விலக்கிப் பார்த்தாள், இன்னொன்றையும் பார்த்தாள்.

"ரெண்டும் நல்லா இருக்குது" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் ஆணா பெண்ணா என்று கேட்டாள்.